'வில்'லா, 'கோயிங் டு'வா?

ஆங்கிலத்தில் எதிர்காலம் சொல்லும்போது பலரும் தடுமாறும் இடம் இது. தமிழில் 'வருவேன்', 'வரப்போகிறேன்' இரண்டும் இருக்கிறதே, கிட்டத்தட்ட அதே வித்தியாசம்தான்.

அமைப்பு:
வில்: ஐ, ஷீ, தே யாராக இருந்தாலும் மாறாது. 'ஷீ வில் கோ'. 'வில் கோஸ்' தவறு, 'வில் டு கோ'வும் தவறு.
கோயிங் டு: முன்னால் ஆம், இஸ், ஆர் ஆளுக்கேற்ப மாறும். அதை விட்டுவிட்டு 'ஐ கோயிங் டு' என்பதுதான் நம்மிடம் அதிகம் கேட்கும் பிழை.

எதிர்மறை:
வில்: வில் நாட், சுருக்கமாக வோன்ட். 'ஷீ வோன்ட் கோ'.
கோயிங் டு: 'ஷீ இஸ்ன்ட் கோயிங் டு கோ'.

பொருள்தான் முக்கியம். காலிங் பெல் அடிக்கிறது, எழுந்துகொண்டே 'ஐ வில் ஓப்பன் இட்' என்கிறோம். முடிவு அந்த நொடியில் பிறந்தது. டிக்கெட் போட்டாயிற்று என்றால் 'ஐ ஆம் கோயிங் டு விசிட் மதுரை'. மேகம் கறுத்து நிற்கும்போதும் 'இட் இஸ் கோயிங் டு ரெய்ன்'தான், அறிகுறி கண்ணெதிரே இருக்கிறதே.

சரி, எதை எடுப்பது? வாக்குறுதி, உதவி, திடீர் முடிவுக்கு வில். முன்பே போட்ட திட்டத்துக்கு கோயிங் டு. இப்போதுதான் பேசத் தொடங்குகிறீர்கள் என்றால் முதலில் வில்லைப் பழகுங்கள், அமைப்பு எளிது.