முதல் மொழியாக டார்ட்: 8 ஜிபி லேப்டாப்பில் ஃப்ளட்டர் எப்படி?

மொபைல் ஆப் செய்ய எந்த மொழியில் தொடங்கலாம் என்று கேட்பவரிடம், கையில் என்ன கம்ப்யூட்டர் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்க வேண்டும். ஐபோன் ஆப்களுக்கான ஸ்விஃப்ட் அருமையான மொழி. ஆனால் அதில் ஆப் செய்ய வேண்டிய எக்ஸ்கோடு என்ற மென்பொருள் ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டரில் மட்டுமே ஓடும். விண்டோஸ் வைத்திருப்பவருக்கு அந்தப் பேச்சே வேண்டாம். ரியாக்ட் நேட்டிவ் என்பது ஜாவாஸ்கிரிப்டில் ஆப் செய்யும் வழி; அந்த மொழி ஏற்கெனவே தெரிந்தவர்களுக்குச் சரி. மிச்சம் ஆண்ட்ராய்டு ஆப்களுக்கான கோட்லினும், ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஒரே நிரலில் ஆப் செய்யும் ஃப்ளட்டர் என்ற கருவித்தொகுப்போடு வரும் டார்ட்டும். முதல் மொழி என்றால் என் ஓட்டு டார்ட்டுக்கு. ஒரு குறை உண்டு, பின்னால் வருகிறேன்.

எதையும் இன்ஸ்டால் செய்யாமலே டார்ட் பழகலாம். டார்ட்பேட் என்ற நிரல் எழுதிப் பார்க்கும் தளம் பிரவுசரிலேயே ஓடும். லிஸ்ட், மேப், கிளாஸ் தொடங்கி, காத்திருக்க வேண்டிய வேலைகளைக் கையாளும் அசிங்க் (async) வரை அங்கேயே இரண்டு வாரம் கை பழகட்டும். 2021-இல் வந்த 2.12 பதிப்பிலிருந்து, ஒரு வேரியபிள் (மதிப்பை வைக்கும் பெயர்) காலியாக இருக்கலாமா என்பதை நீங்களே சொல்லியாக வேண்டும். அதன் வகைக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டால்தான் அதில் null, அதாவது காலி மதிப்பு, வர முடியும். புதியவர்கள் பிழையைக் காட்டும் சிவப்பு அடிக்கோட்டை மறைப்பதற்காக, 'இது காலியில்லை' என்று சொல்லும் ஆச்சரியக்குறியைத் தட்டிவிடுவார்கள். கோடு போய்விடும், ஆப் ஓடும்போது கவிழும். ஆச்சரியக்குறிக்குப் பதில் இரட்டைக் கேள்விக்குறி போட்டு மாற்று மதிப்பு கொடுத்துப் பழகுங்கள்.

இன்ஸ்டால் செய்யும்போது ஃப்ளட்டர் ஃபோல்டரை புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைக்காதீர்கள். பெயரில் இடைவெளி இல்லாத, அட்மின் அனுமதி கேட்காத இடமாக இருக்கட்டும். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் ஃப்ளட்டர் டாக்டர் கமாண்ட் பெரும்பாலும் கமாண்ட்-லைன் டூல்ஸ் இல்லை என்று புலம்பும். ஆண்ட்ராய்டு ஆப் செய்யும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் எஸ்டிகே மேனேஜரில் (கருவிகளை இறக்கும் இடம்), எஸ்டிகே டூல்ஸ் பக்கத்தில் அதை டிக் செய்து, பிறகு லைசென்ஸ்களை ஏற்றால் முடிந்தது. 8 ஜிபி ரேமில் எமுலேட்டர் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் போலி போன்) பக்கமே போக வேண்டாம், உங்கள் ஆண்ட்ராய்டு போனிலேயே சோதியுங்கள். போனின் பில்ட் நம்பரை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும்; அதில் யுஎஸ்பி டிபக்கிங்கை ஆன் செய்து, போனை கேபிளில் இணையுங்கள். நிரலை விஎஸ் கோட் (VS Code) என்ற எடிட்டரில் எழுதினால் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை மூடியே வைக்கலாம், ரேம் மிச்சம்.

ஹாட் ரீலோட்தான் ஃப்ளட்டரின் உயிர். சேவ் செய்ததும் திரை மாறும். ஆனால் திரை முதலில் உருவாகும்போது மட்டும் ஓடும் இனிட்ஸ்டேட்டுக்குள் (initState) எழுதியது அதில் மறுபடி ஓடாது. "மாற்றினேன், மாறவில்லை" என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் முன், ஆப்பை முதலிலிருந்து ஓட்டும் ஹாட் ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள். பட்டனை அழுத்தினால் எண் கூடுகிறது, திரையில் மட்டும் பழைய எண்ணே நிற்கிறதா? திரையைப் புதுப்பிக்கச் சொல்லும் செட்ஸ்டேட் (setState) விட்டுப்போயிருக்கும்.

இனி அந்தக் குறை. ஃப்ளட்டர் ஆண்ட்ராய்டை உங்கள் கண்ணிலிருந்து மறைத்தே வைக்கிறது; ரிலீஸ் நாளில்தான் அது எட்டிப்பார்க்கும். சோதிக்கும்போது ஜோராக ஓடிய ஆப், வெளியிடுவதற்கான ரிலீஸ் ஏபிகே (இன்ஸ்டால் செய்யும் கோப்பு) ஆனதும் இணையத்திலிருந்து எந்தத் தகவலையும் இழுக்காமல் நிற்கும். காரணம், இன்டர்நெட் அனுமதி சோதனைக்கான டிபக், புரொஃபைல் ஃபோல்டர்களின் மேனிஃபெஸ்டில் (ஆப்பின் அனுமதிகளைப் பட்டியலிடும் கோப்பு) தானாகவே இருக்கிறது, மெயின் ஃபோல்டரில் இருப்பதில்லை. அங்கே அந்த ஒரு வரியை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். கோட்லினில் முதல் நாளிலேயே மேனிஃபெஸ்டோடு மல்லுக்கட்டுவதால் இந்த அதிர்ச்சி குறைவு. 16 ஜிபி ரேம் இருந்து, ஆண்ட்ராய்டு வேலைதான் குறி என்றால் கோட்லினிலேயே தொடங்குங்கள். 2017-இல் கூகுள் அதை அதிகாரபூர்வமாக ஏற்றது. 2019 முதல் ஆண்ட்ராய்டில் முதலிடமும் அதற்குத்தான்.

ஃப்ளட்டரில் ஒரே நிரலிலிருந்து ஐபோன் ஆப்பும் வரும் என்பது உண்மைதான். அதை பில்ட் செய்ய மேக் வேண்டும், ஆப் ஸ்டோரில் போட ஆண்டுக்கு 99 டாலர் வேண்டும் என்பதும் உண்மை. பிளே ஸ்டோருக்கு ஒரே தடவை 25 டாலர். ஆனால் புதிய தனிநபர் கணக்கென்றால் 12 பேர் தொடர்ந்து 14 நாள் டெஸ்டர்களாகச் சேர்ந்திருந்த பிறகே வெளியிட விண்ணப்பிக்க முடியும். ஆப் பாதி முடிந்ததுமே அந்த 12 பேரைப் பிடிக்க ஆரம்பித்துவிடுங்கள்.