சிரிப்புக்கு முந்தைய இடைவெளியைக் காப்பாற்றித் தரும் கேசட் கடை

செங்கோட்டைக் கடைவீதியில் உள்ள அந்தச் சிறிய கடையின் முதன்மைத் தொழில் கைப்பேசி பழுதுபார்ப்பதுதான் என்றாலும், பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றிப் பென் டிரைவில் பதிந்து கொடுக்கும் வேலையையும் அதன் உரிமையாளர் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறார். புளியரை தாண்டி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று மலைக்கு அந்தப் பக்கமிருந்தும் திருமணப் பதிவுகள், பக்திப் பாடல்கள், கோயில் கொடை விழாவில் பதிந்த வில்லுப்பாட்டு ஆகியவற்றைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். நான் கொடுத்தவை அனைத்தும் என் தந்தை சேர்த்துவைத்த நகைச்சுவைக் கேசட்டுகள். எதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும், எதைக் கேட்டால் வராது என்பதைச் சிறு வயதிலேயே தீர்மானித்துவிட்ட குரல்கள் அவற்றில்தான் இருக்கின்றன. ஆகவே இந்தச் சேவையை ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் மதிப்பிட்டேன்: பேசுகிறவர் பேச்சை நிறுத்தும் இடம் பிழைத்து வந்திருக்கிறதா?

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதற்குத் தென்கச்சி கோ. சுவாமிநாதன் ஒருவரே போதும். வானொலியில் காலையில் ஒலித்த ‘இன்று ஒரு தகவல்’ நிகழ்ச்சியில் அவர் குரலை உயர்த்தியதே இல்லை. உடல்நலம், அறிவியல், பழைய கதை என எதையாவது நிதானமாகச் சொல்லிக்கொண்டு வருவார். கடைசியில் அதே குரலில், அதே வேகத்தில், ஒரு சிறு வேடிக்கைக் கதையைச் சொல்லிவிட்டு, தாம் சிரிக்காமலேயே விடைபெறுவார். அவர் அரியலூர்ப் பக்கத்து மனிதர் என்றாலும் அவரது நிதானம் எங்களுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. ஊரில் பெரியவர்கள் திண்ணையில் பேசுவதும் அப்படித்தான். கதையின் கடைசி வரிக்கு முன்னால் அவர் விடும் ஒரு மூச்சு நேரத்தில்தான் கேட்பவர் மனத்துக்குள் சிரிப்பு மூளத் தொடங்கும். 2009இல் அவர் மறைந்தார். வானொலியிலிருந்து என் தந்தை பதிந்துவைத்த கேசட்டுகளில் அந்த மூச்சும் பதிவாகியிருந்தது.

இதற்கு முன் வேறோர் ஊரில், பெரிய நிறுவனம் ஒன்றில், இவற்றில் சிலவற்றை மாற்றித் தரச் சொல்லியிருந்தேன். ஒலி மிகத் தூய்மையாக வந்தது. ஆனால் சிரிப்பு போய்விட்டது. காரணத்தைச் செங்கோட்டைக் கடைக்காரர் விளக்கியபோதுதான் புரிந்தது. கேசட்டில் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில்தான் ஓடுகிறது. அதன் அகலமும் குறைவு. அதனால் பின்னணியில் ஒரு மெல்லிய இரைச்சல் எப்போதும் இருக்கும். அதை நீக்கும் மென்பொருள், பேச்சில்லாத ஓர் இடத்திலிருந்து அந்த இரைச்சலின் தன்மையை அறிந்துகொண்டு, பதிவு முழுவதிலிருந்தும் அதைக் கழிக்கிறது. கைதட்டலும் கூட்டத்தின் சிரிப்பும்கூட, எல்லாச் சுருதிகளும் கலந்த ஒலிகளாக இருப்பதால், அளவு மீறிக் கழித்தால் அவையும் சேர்ந்து கரைந்துபோகும். பேச்சு நின்ற இடங்களில் ஒலி முற்றிலும் அறுந்துவிடும். அடுத்த சொல்லின் முதல் எழுத்தும் சில வேளைகளில் நறுக்கப்பட்டுவிடும். “அண்ணாச்சி, இரைச்சல மொத்தமா எடுத்தா, அவரு பேச்ச நிறுத்துன இடமெல்லாம் செத்துப் போயிரும். கொஞ்சம் கெடக்கட்டும்” என்று அவர் சொன்னதும், கேசட்டுகள் உரிய கைக்கு வந்துவிட்டன என்ற நம்பிக்கை எனக்கு ஏற்பட்டது.

அவர் வேலை செய்த விதத்தை அருகிலிருந்து பார்க்க அனுமதித்தார். முதலில் ஒவ்வொரு கேசட்டையும் வெளிச்சத்தில் பிடித்து, நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருக்கிறதா என்று பார்க்கிறார். குற்றாலச் சாரல் அடிக்கும் எங்கள் பகுதியில் பெரும்பாலான கேசட்டுகளுக்கு இந்த நோய் உண்டு. பிறகு ஆல்கஹால் தொட்ட பஞ்சால் கேசட் டெக்கில் நாடாவை வாசிக்கும் ஹெட்டைத் துடைத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஹெட்டின் ஓரத்தில் உள்ள சிறு திருகாணியை மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் மயிரிழை அளவு திருப்புகிறார். மந்தமாக ஒலித்துக்கொண்டிருந்த ‘ச’, ‘ஸ’ ஓசைகள் ஓரிடத்தில் திடீரெனக் கூர்மையாகின்றன. அந்த இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் பதிவைத் தொடங்குகிறார். ஒவ்வொரு கேசட்டும் வெவ்வேறு இயந்திரத்தில் பதியப்பட்டிருப்பதால், ஒவ்வொன்றுக்கும் இதைத் தனியாகச் செய்ய வேண்டியிருக்கிறது. நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுத்துண்டு ஒரு கேசட்டில் விழுந்துவிட்டிருந்தது; திருகு போட்ட வேறு கூட்டுக்கு நாடாவை மாற்றி அதையும் ஓடவைத்தார்.

மலையாளக் கேசட்டுகளில்தான் அவரது பொறுமையின் முழுப் பயனும் தெரிந்தது. செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்ப் பகுதியாகவும் பின்னர்க் கேரளத்தின் எல்லையாகவும் இருந்துவரும் ஊர். எங்கள் வீட்டில் தமிழ் மட்டும்தான் பேசினோம் என்றாலும், புனலூர் போய்வரும் தந்தை ஓணக் காலத்தில் வெளிவரும் வேடிக்கைக் கேசட்டுகளை வாங்காமல் திரும்பியதில்லை. கொச்சியில் பாதிரியார் ஆபேல் அச்சன் 1969இல் தொடங்கிய கலாபவன் என்ற கலை நிறுவனத்திலிருந்து 1981இல் புறப்பட்ட ‘மிமிக்ஸ் பரேடு’, குரல் போலி செய்வதைத் தனி ஒருவரின் வித்தையாக விட்டுவிடாமல், ஆறு பேர் சேர்ந்து நடத்தும் முழுநீள மேடை நிகழ்ச்சியாக்கியது. பின்னர் இயக்குநர்களாகப் புகழ்பெற்ற சித்திக்கும் லாலும் அந்த அறுவரில் இருவர். அந்த வழியில் வந்த மேடைப் பதிவுகளில் கூட்டத்தின் சிரிப்பும் ஒரு பாத்திரம். அது எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று பார்த்துத்தான் மேடையில் இருப்பவர் அடுத்த வரியை எடுக்கிறார். சிரிப்பைக் கரைத்துவிட்டால், அவர் ஏன் காத்திருக்கிறார் என்பதே கேட்பவருக்குப் புரியாது. இந்தப் பதிவுகளில் சிரிப்பு கடைசி வரிசை வரை முழுமையாகக் கேட்கிறது. நாடாவின் ஒரு சுற்று அடுத்த சுற்றில் லேசாகப் பதிந்துவிடுவதால், பெரிய சிரிப்பு வெடிப்பதற்கு ஓரிரு விநாடிக்கு முன்பே அதன் நிழல் மெல்லக் கேட்பதும் அப்படியே இருக்கிறது. அதை நீக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இவற்றுள் எனக்கு மிக நெருக்கமானவர் வி.டி. ராஜப்பன். வி. சாம்பசிவன் டால்ஸ்டாயையும் ஷேக்ஸ்பியரையும் கோயில் திருவிழா மேடைக்குக் கொண்டுவரப் பயன்படுத்திய, பாட்டும் பேச்சுமாகக் கதை சொல்லும் அதே கதாப்பிரசங்க வடிவத்தை எடுத்துக்கொண்டு, அதன் கம்பீரத்தைச் சிறிதும் குறைக்காமல், கோழியையும் எருமையையும் நாயையும் காதலர்களாக்கிப் பாடியவர் அவர். நாஞ்சில் நாட்டில் 1908இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும், தம் வழியில், இதற்கு வெகு காலம் முன்பே இதைச் செய்திருக்கிறார்: நந்தனார் சரித்திரக் காலட்சேபத்தின் அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு, சிதம்பரம் போக ஏங்கிய நந்தனுக்குப் பதிலாகப் படிக்கப் பட்டணம் போக ஏங்கும் கிந்தனைப் பாடினார். பக்தியோடு கேட்கப் பழகிய காதுகளில் கல்வியையும் சாதிக் கொடுமையையும் பற்றிய கதை சிரிப்போடு நுழைந்தது. வடிவத்தைக் கேலி செய்யாமல், அதை மதித்து நடத்திக்கொண்டே உள்ளே இருப்பதை மாற்றுவது இருவருக்கும் பொதுவான கலை என்று நான் கருதுகிறேன். இன்றைய மேடைச் சிரிப்பாளர்களில் அலெக்சாண்டர் பாபு, பாட்டையும் விளக்கத்தையும் பின்னிக்கொண்டு போவது எனக்கு உடனே பிடித்துப்போனதற்கும் இந்தப் பழக்கம்தான் காரணம். கிந்தனார் கேசட் கிராமபோன் தட்டிலிருந்து எடுக்கப்பட்டது. தட்டின் பொறிச் சத்தமும் நாடாவின் இரைச்சலும் சேர்ந்திருந்தும், கலைவாணரின் குரல் தெளிவாக நிற்கிறது.

குறைகளும் உண்டு. கோப்புகளுக்கு வெறும் எண்களை மட்டும் இட்டிருந்ததால், எது எவருடைய பதிவு என்பதைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 90 நிமிடக் கேசட் ஒன்றின் முதல் பக்கம் கதையின் கடைசி வரிக்குச் சற்று முன்பே அறுந்திருந்தது. சொன்னதும் முகம் சுளிக்காமல் மறுபடி பதிந்து கொடுத்தார், கூடுதல் பணம் கேட்கவில்லை. சொன்ன நாளில் வேலை முடிவதில்லை. கைப்பேசி வேலை வந்தால் கேசட் ஓரமாகப் போய்விடுகிறது. ஒரு கேசட்டுக்கு 200 ரூபாய் என்பது சிலருக்கு அதிகமாகத் தோன்றலாம். ஒரு மணி நேரக் கேசட்டைப் பதிய ஒரு மணி நேரம் ஆகத்தான் செய்யும், விரைவாக ஓட்டிப் பதியும் குறுக்குவழியை அவர் கையாளுவதில்லை என்பதை வைத்துப் பார்த்தால் அது நியாயமான கூலியே.

கொடுக்க விரும்புகிறவர்கள், எம்பி3 மட்டும் போதாது, சுருக்காத வேவ் கோப்பும் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; இரைச்சலை நீக்காத பதிவைத் தனியாகக் கேட்டாலும் தருகிறார். கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள சிறு பிளாஸ்டிக் தாழ்களை உடைத்துவிட்டுக் கொடுத்தால் தவறுதலாக மேலே எதுவும் பதியாது. வீடியோ கேசட் எடுப்பதில்லை. சாரல் தொடங்கும் ஜூன் மாதத்துக்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது. ஈரக்காற்று வந்துவிட்டால் பூஞ்சை பிடித்த நாடாவைத் தொடமாட்டேன் என்கிறார்.