வீட்டு நெட்வொர்க்கில் ஐபி முகவரி: கையால் போடுவதா, ரவுட்டரிடம் விடுவதா, தனி சர்வரா?

கரண்ட் போய் வந்தால் போதும், எங்கள் வீட்டுப் பிரிண்டர் 'ஆஃப்லைன்' ஆகிவிடும். கோளாறு பிரிண்டரில் இல்லை. அதுவரை 192.168.1.5 என்ற ஐபி முகவரியில் (நெட்வொர்க்கில் ஒரு சாதனத்தின் அடையாள எண்) இருந்தது, ரவுட்டர் மறுபடி ஆன் ஆனதும் அந்த எண் டிவிக்குப் போய், பிரிண்டருக்கு 192.168.1.9 கிடைத்திருக்கும். கம்ப்யூட்டர் மட்டும் பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும். இதைச் சரிசெய்ய மூன்று வழி இருக்கிறது, மூன்றையும் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டேன்.

முதல் வழி, பிரிண்டருக்குள்ளேயே போய் ஐபி, சப்நெட் மாஸ்க் (நெட்வொர்க்கின் அளவைச் சொல்லும் எண்), கேட்வே (ரவுட்டரின் முகவரி) எல்லாவற்றையும் கையால் அடிப்பது. இரண்டு நிமிட வேலைதான், ஆனால் இந்த விஷயம் ரவுட்டருக்குத் தெரியாது. நான் 192.168.1.20 கொடுத்தேன், அது ரவுட்டர் தானாகப் பகிர்ந்து கொடுக்கும் எண்களுக்குள் இருந்தது. பிரிண்டர் அணைந்திருந்த நேரத்தில் ரவுட்டர் அதே 20-ஐ ஒரு போனுக்குக் கொடுத்துவிட்டது. சாயங்காலம் பிரிண்டரை ஆன் செய்ததும் போனில் நெட் விட்டுவிட்டு வர ஆரம்பித்தது, காரணம் பிடிபடவே ஒரு நாள் ஆனது. அப்புறம் ரவுட்டரை மாற்றி, புதியது 192.168.0 வரிசையில் வந்தால், கையால் அடித்த ஒவ்வொரு சாதனத்தையும் தேடிப்போய் மாற்ற வேண்டும். ரவுட்டர், சர்வர் தவிர வேறெதற்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது, ரவுட்டரின் டிஹெச்சிபி (சாதனங்களுக்குத் தானாக ஐபி கொடுக்கும் முறை) பக்கத்தில் ரிசர்வேஷன் போடுவது. சாதனம் 'ஆட்டோமேட்டிக்' என்றே இருக்கும். அதன் மேக் முகவரியை, அதாவது நெட்வொர்க் வன்பொருளுக்கே உரிய எண்ணைப் பார்த்து ரவுட்டர் எப்போதும் ஒரே எண்ணைக் கொடுக்கும். இது ஏதோ குறுக்குவழி இல்லை, டிஹெச்சிபிக்கான தர ஆவணமாக 1997-ல் வந்த ஆர்எஃப்சி 2131-லேயே முகவரி ஒதுக்கும் மூன்று முறைகளில் ஒன்றாக இருப்பதுதான். எந்த எண் யாருக்கு என்ற பட்டியல் ஒரே இடத்தில் இருப்பதால் மோதலுக்கு வழியில்லை. இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. பிரிண்டரின் வைஃபைக்கு ஒரு மேக், லேன் கேபிளுக்கு வேறு மேக், எதில் இணைக்கிறீர்களோ அதைத்தான் எழுத வேண்டும். போன்களில் ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் நெட்வொர்க்குக்கு ஒரு போலி மேக் காட்டும் வசதி உண்டு, போனுக்கு நிலையான எண் வேண்டுமென்றால் வீட்டு வைஃபைக்கு மட்டும் அதை அணைத்துவிடுங்கள்.

மூன்றாவது, ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் பை-ஹோல் என்ற விளம்பரத் தடுப்பு மென்பொருளைப் போட்டு அதையே டிஹெச்சிபி சர்வர் ஆக்குவது. நெட் கம்பெனி கொடுத்த ரவுட்டரில் டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு ஐபி எண்ணைக் கண்டுபிடித்துத் தரும் சேவை) மாற்ற முடியாதபடி பூட்டியிருந்தால் இது உண்மையிலேயே கைகொடுக்கும், வீட்டில் எல்லாச் சாதனத்துக்கும் விளம்பரத் தடுப்பு தானாகப் போய்ச் சேரும். ஆனால் ரவுட்டரின் டிஹெச்சிபியைக் கட்டாயம் அணைக்க வேண்டும். மறந்தால் இரண்டும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும், பாதி வீட்டுக்கு விளம்பரம் வரும், பாதிக்கு வராது, ஏன் என்று புரியாது. ராஸ்பெர்ரி பைக்கும் நிலையான ஐபி வேண்டும். அதன் எஸ்டி கார்டு போனால் டிஎன்எஸ் உடனே நிற்கும். புதிதாக இணைகிற லேப்டாப்புக்கு 169.254 என்று தொடங்கும் எண் வரும், அப்படி வந்தால் முகவரி கொடுக்க ஆளில்லை என்று அர்த்தம். ஏற்கெனவே எண் வாங்கியவை லீஸ் (அந்த எண்ணை வைத்திருக்கக் கொடுத்த கால அளவு) முடியும்வரை அதை வைத்திருக்கும். நான் ஊரில் இல்லாத நாளில் வீட்டில் இருப்பவர்கள் இதைச் சரிசெய்ய முடியாது என்பதால்தான் நான் இதை விட்டேன்.

இப்போது எங்கள் வீட்டில், ஐபியின் கடைசி எண்ணை மட்டும் சொன்னால், பிரிண்டர் 11, கேமரா 12, மூன்று பேர் பகிரும் ஹார்டு டிஸ்க் 13, இவை மட்டும் ரிசர்வேஷனில். போன், டிவி, வருகிற விருந்தாளி எல்லாம் 100-க்கு மேல் எது கிடைக்கிறதோ அது. சில ரவுட்டர்கள் தானாகப் பகிரும் வரம்புக்குள் இருக்கும் எண்ணைத்தான் ரிசர்வ் செய்ய விடும், அப்படியானால் வரம்பை 11-லிருந்தே தொடங்குங்கள். ரவுட்டர் மாற்றும் முன் அந்தப் பட்டியலை போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், புதியதிலும் அதே எண் வரிசையை அமைத்து, மேக் முகவரிகளைப் பார்த்து அடித்தால் பிரிண்டர் பக்கம் போகவே வேண்டியிருக்காது.