ஸ்லாட் வாங்கித் தருகிறேன் என்றவரிடம் 52,000 ரூபாய் விட்டேன்

நேற்று மாலை பாஸ்போர்ட் இரண்டும் கூரியரில் திரும்பி வந்தன. உள்ளே விசா இல்லை, மறுப்புத் தாள்தான். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், யாராவது ஒருத்தராவது தப்பிக்கட்டும்.

மகள் ஜெர்மனியில் இருக்கிறாள். அடுத்த மாதம் பிரசவம். நானும் மனைவியும் போவதாக ஏற்பாடு. சென்னையில் விசா மையத்தில் ஸ்லாட்டே, அதாவது விண்ணப்பம் கொடுக்கப் போகும் தேதியே, கிடைக்கவில்லை என்று தெரிந்தவர் ஒருவர் திருச்சியில் ஒரு விசா ஏஜென்டிடம் அனுப்பினார். அந்த ஆள் எங்கள் பாஸ்போர்ட்டை வாங்கியதும் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்து, அட்டையில் சந்தனப் பொட்டு வைத்தார். "அம்மா, பேரனோடதான் திரும்பி வருவீங்க" என்றார். என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே விழுந்தோம்.

ஸ்லாட்டுக்கு ஆளுக்கு 15,000, இன்சூரன்ஸ் 6,000, பேப்பர் வேலைக்கு 16,000. மொத்தம் 52,000. ஜிபேயில் போட்டேன். விசா கட்டணமும் இதில் அடக்கம் என்றுதான் நினைத்தோம். சென்னை கவுண்டரில் போய் நின்றால் ஆளுக்கு 90 யூரோவுக்கான ரூபாயும் மையத்தின் சேவைக் கட்டணமும் கேட்கிறார்கள். போன் செய்தால், "அது தனி சார்."

மறுப்புத் தாளில் ஒரு கட்டத்தில் டிக்: பயண நோக்கத்துக்குக் கொடுத்த விவரங்கள் நம்பகமாக இல்லையாம். ஏன் என்று ஃபைலின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மகள் அங்கே வெளிநாட்டவர் அலுவலகத்தில் 29 யூரோ கட்டி வாங்கி அனுப்பிய பொறுப்பேற்புக் கடிதத்தை (எங்கள் செலவுக்குத் தானே பொறுப்பு என்ற கடிதம்) ஏஜென்ட் வைக்கவே இல்லை! பதிலுக்குப் பத்து நாள் ஹோட்டல் புக்கிங். அதையும் நாங்கள் கைரேகை கொடுத்த மறுநாளே ரத்து செய்திருக்கிறார்.

கேட்டால் முதலில் "எம்பஸி முடிவு சார், நாங்க என்ன பண்றது". அப்புறம் சார் மாலை போட்டிருக்கார், சபரிமலை போயிட்டார் என்றாள் அங்கே வேலை பார்க்கும் பெண். இன்று காலை "திரும்ப அப்ளை பண்ணலாம், பாதி கட்டணம்தான்" என்று வாட்ஸப்பில் செய்தி. 52,000 போனது போதாதா? விசா கட்டணமும் திரும்ப வராது. இந்த மறுப்பு ஐரோப்பிய நாடுகளின் விசா கணினியில் 5 வருடம் இருக்குமாம், அது வேறு.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. ஸ்லாட்டை மையத்தின் தளத்தில் நீங்களே பாருங்கள், காலை மாலை பார்த்தால் யாராவது ரத்து செய்தது கிடைக்கும். பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். ரசீது தராதவரிடம் பணம் கொடுக்காதீர்கள். முக்கியமாக ஃபைலைப் பிரித்துப் பாருங்கள். "பிரிக்காதீங்க சார், ஆர்டர் மாறிடும்" என்றார். பென்சிலில் டிக் போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, கிளிப்பைக்கூடக் கழற்றாமல் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.