மின் தம்புராவும் தீட்சிதரும்: இருபத்திரண்டு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

2003-ஆம் ஆண்டு நவராத்திரிக்கு முந்தைய வாரம் திருச்சியில் ஓர் இசைக்கருவிக் கடையில், பாட்டுக்குச் சுருதி தரும் மின் தம்புரா ஒன்றை வாங்கினேன். அப்போது நான் பாட்டை விட்டுப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. படிப்பு, வேலை, திருமணம், குழந்தைகள் என்று நாள்கள் போனதில் வீட்டில் பாடுவது நின்றுபோயிருந்தது; வானொலியில் கேட்பது மட்டும் நிற்கவில்லை. அந்தச் சிறிய பெட்டி என் வீட்டுக்கு வந்த பிறகுதான், நான் வாழ்நாள் முழுதும் நேசித்துவந்த கர்நாடக இசைப் பாடலாசிரியர் முத்துசுவாமி தீட்சிதரை உண்மையில் கேட்கத் தொடங்கினேன் என்று சொன்னால் அது மிகையில்லை.

ஸ்ரீரங்கத்தில் எனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஆசிரியையின் வீட்டில் பலா மரத்தில் செய்த தஞ்சாவூர்த் தம்புரா ஒன்று இருந்தது. பஞ்சமம், சாரணி இரண்டு, மந்தரம் என்று நான்கு தந்திகளையும் சேர்த்து, தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல் ஜீவா நூலை நகம் அளவுக்கு முன்னும் பின்னும் நகர்த்தி, நாதம் விரிந்து எழும் இடம் கிடைக்கும்வரை அவர் விடமாட்டார். பிறகு எங்களைச் சிறிது நேரம் பேசாமல் உட்காரவைப்பார். நன்றாகச் சேர்ந்த தம்புராவின் மந்தரத் தந்தியை மீட்டினால் ஷட்ஜத்துக்கு (ஸ) மேலே, யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் (க) மெல்லிய கோடு போலத் தானாகவே ஒலிக்கும். "கேட்டாச்சா? இப்போ பாடு" என்பார். எனக்கு அப்போது பத்து வயது. அந்தக் காந்தாரம் எனக்குக் கேட்க ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று.

முதலில் வாங்கிய பெட்டியில் அந்தக் காந்தாரம் கேட்கவே இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அது பழைய வகை. கட்டைக்கு (அடிப்படைச் சுருதியின் உயரத்துக்கு) ஒரு குமிழ், நுண் சுருதிக்கு ஒன்று, மீட்டும் வேகத்துக்கு ஒன்று, ஒலி அளவுக்கு ஒன்று, பஞ்சமத்துக்கும் மத்திமத்துக்கும் மாற்ற ஒரு விசை, அவ்வளவே. ஒலியில் தந்தியின் உயிர் குறைவு. தவிர, போட்டவுடன் சுருதி நிற்காது. பத்து நிமிடம் ஓடவிட்டு, பெட்டி சற்றுச் சூடான பிறகு நுண் சுருதியைத் திருத்தினால்தான் நிலைக்கும். மின்சாரம் ஏறி இறங்கும் மாலை வேளைகளில் மயிரிழை அளவுக்குச் சுருதி இறங்கும்; அதைக் கவனிக்காமல் நானும் அதனோடு இறங்கிப் பாடிக்கொண்டிருந்த நாள்கள் உண்டு. மின்வெட்டு அடிக்கடி வந்த ஆண்டுகளில் மின்கலத்தில் ஓட்டினேன். கலம் தீரும் தறுவாயிலும் இதே தொல்லைதான். ஒருமுறை பழுது பார்க்கக் கொடுத்த இடத்திலிருந்து ஒரு ரீங்காரத்தோடு திரும்பி வந்தது. அதன் பிறகு 2012-இல், உண்மையான தம்புராவின் ஒலியைப் பதிவு செய்து தரும் எண்முறைப் பெட்டிக்கு மாறினேன். இதில் சுருதி நகர்வதில்லை. இரவில் கதவைச் சாத்திக்கொண்டு காதைக் கூர்மையாக்கினால் அந்தக் காந்தாரமும் மங்கலாகக் கேட்கிறது.

இத்தனை குறை இருந்தும் இந்தப் பெட்டியை ஏன் விடவில்லை என்றால், தினமும் காலை ஐந்தரை மணிக்கு யாரையும் எதிர்பார்க்காமல் எனக்கு ஒரு சுருதியைத் தந்தது இதுதான். தியாகராஜரின் கிருதிகளில் ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதிக்குமேல் சங்கதி வந்து பாடுபவரைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்றுவிடும். அந்த வேகத்தில் சிறு பிசகுகள் மறைந்துவிடும். தீட்சிதரிடம் அப்படி ஒளிய இடமில்லை. மெதுவான விளம்ப காலத்தில் ஒரு ஸ்வரத்தின்மேல் நெடுநேரம் நிற்க வேண்டும். நிற்கும் அந்த இடம் சுருதியோடு சேர்ந்திருக்கிறதா என்பது முதலில் பாடுபவருக்குத் தெரிய வேண்டும். கீவளூர் அட்சயலிங்கேசுவரர்மீது அவர் சங்கராபரணத்தில் இயற்றிய 'அட்சயலிங்க விபோ'வை நான் சிறுமியாக இருந்தபோதே பாடம் செய்திருந்தேன். ஆனால் அதன் காந்தாரமும் தம்புரா தானாகத் தரும் காந்தாரமும் ஒன்றே என்பதை நாற்பது வயதுக்குப் பிறகு, ஒரு காலையில், பாடிக்கொண்டிருக்கும்போதே உணர்ந்தேன். என் குரல் நின்ற இடம் எனக்கே கேட்காமல் போயிற்று. அது தம்புராவுக்குள் போயிருந்தது. அன்று அந்த ஒரு வரியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

திருவாரூர்க் கமலாம்பாள்மீது ஸ்ரீசக்கரத்தின் ஒன்பது ஆவரணங்களுக்கு (சுற்றுகளுக்கு) அவர் இயற்றிய நவாவரணக் கிருதிகளைக் கற்க எனக்கு எட்டு நவராத்திரிகள் தேவைப்பட்டன. தோடியில் தியான கிருதி, பிறகு ஆனந்தபைரவி, கல்யாணி, சங்கராபரணம், காம்போஜி, பைரவி, புன்னாகவராளி, சஹானா, கண்டா, ஆஹிரி என ஒன்பது ஆவரணங்கள், முடிவில் ஸ்ரீ ராகத்தில் மங்கள கிருதி. முதல் எட்டும் வடமொழியின் எட்டு வேற்றுமைகளில் ஒவ்வொன்றாக அமைய, ஒன்பதாவதான ஆஹிரியில் எல்லா வேற்றுமைகளும் வந்து சேர்கின்றன. இலக்கண வரிசை ஒன்றை இப்படி வழிபாட்டின் படிகளாக மாற்றிய மனத்தை எண்ணி நான் இன்றும் வியக்கிறேன். இவற்றில் கண்டாதான் என்னை அதிகம் படுத்தியது. தன்யாசியின் சாயலும் பைரவியின் சாயலும் தட்டும் அந்த ராகத்தில் கொஞ்சம் கவனம் தப்பினால் வேறு ராகத்துக்குள் போய்விடுவோம். இரண்டு நவராத்திரிகள் அது ஒன்றிலேயே கழிந்தன.

பஞ்சமத்தை மத்திமமாக மாற்றும் விசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். செஞ்சுருட்டிக் காவடிச்சிந்தை மத்திம சுருதியில் பாடும்போது மட்டும் எனக்கு அது பயன்படுகிறது. கைபேசிச் செயலிகளிலும் இந்த வசதி உண்டு. வெளியூர் போகும்போது நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் பாடும் நடுவில் அழைப்பு வந்து சுருதி அறுந்தால் மனம் திரும்பி உட்கார நேரம் பிடிக்கிறது. தனிப் பெட்டி இருக்கும் வீட்டில் அந்தக் கவலை இல்லை.

இன்னொரு மாற்றம் பெட்டியில் நேர்ந்ததன்று, எனக்கு நேர்ந்தது. வாங்கிய புதிதில் குமிழை ஐந்தரைக் கட்டையில் வைத்தேன், ஐம்பது வயதில் ஐந்துக்கு வந்தது, இப்போது நாலரை. முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு சியாமா சாஸ்திரியின் பைரவி ஸ்வரஜதியை எடுத்தபோது அந்த வருத்தம் போயிற்று. அதன் எட்டுச் சரணங்களும் முறையே ஸ, ரி, க, ம, ப, த, நி, மேல் ஸ என்று ஒவ்வொரு ஸ்வரமாக ஏறித் தொடங்குகின்றன. ஐந்தரையில் அந்தக் கடைசிச் சரணத்தைத் தொண்டையால் எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். நாலரையில் அங்கே போய் நிற்க முடிகிறது. ஏறும்போது சற்று உயர்ந்த சதுச்ருதி தைவதமும் இறங்கும்போது தாழ்ந்த சுத்த தைவதமும் வரும் பைரவியின் அந்த இரட்டை முகத்தை நிதானமாகப் பார்க்கவும் முடிகிறது. தஞ்சாவூரில் பங்காரு காமாட்சியின் சந்நிதியில் பூசை செய்துவந்த அவர், அம்பாளிடம் பேசுவதைத் தவிர வேறு நோக்கமின்றி இதைச் செய்திருப்பார் என்றே எனக்குப் படுகிறது. தீட்சிதருக்கு அடுத்து என் மனம் போவது இவரிடம்தான்.

இரண்டு ஆண்டுகளாக என் அண்ணன் மகள் சனிக்கிழமைகளில் பாட்டுக்கு வருகிறாள். திருவானைக்காவின் அப்பு (நீர்) லிங்கத்தைப் பாடும் தீட்சிதரின் 'ஜம்பூபதே'யை யமுனாகல்யாணியில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியபோது, "அத்தை, இதை ஏன் இவ்வளவு மெதுவாப் பாடணும்?" என்று கேட்டாள். பதில் சொல்லாமல் மறுநாள் அவளைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். ஒன்பது துளைகள் உள்ள சாளரத்தின் வழியே லிங்கத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே குனிந்து நுழைந்து, அங்கே ஊறி நிற்கும் நீரைப் பார்த்தாள். திரும்பி வந்ததும், கடலும் கங்கையும் காவிரியும் யமுனையும் சேர்ந்து வரும் அந்த வரியை மறுபடி பாடச் சொன்னேன். 'யமுனா' என்ற சொல்லில் ராகத்தின் பெயரும் பாதி ஒளிந்திருப்பதை அவளே கண்டுபிடித்தாள். அதன் பிறகு அவசரப்படவில்லை.

அவளுடைய குரலுக்கு ஐந்தரைக் கட்டைதான் பொருத்தம். சனிக்கிழமை காலையில் குமிழை அங்கே ஏற்றிவைக்கிறேன். அவள் புறப்பட்டுப் போனதும், கேட்டுக் கேட்டு, மறுபடி நாலரைக்கு இறக்குகிறேன்.