தோற்கிற ஆட்டத்தில் ரிசைனா, மார்க்கெட்டா?

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கம்ப்யூட்டர் கேம், அராபியா மேப், 4க்கு 4. எனக்கு வாய்த்தது பிளாங்க், அதாவது எதிரியை நேராகப் பார்க்கும் ஓரத்து இடம். 20வது நிமிடத்தில் என் டவுன் சென்டர் எரிந்துகொண்டிருந்தது. எதிரணியில் இரண்டு பேர் சேர்ந்து என் மேலேயே விழுந்துவிட்டார்கள். மிச்சம் 12 வில்லேஜர், அதாவது வேலையாட்கள். "மச்சி, என் கதை முடிஞ்சுது, ரிசைன் பண்றேன்" என்றேன். பாக்கெட்டில், அதாவது ஓரத்தாருக்கு நடுவே பத்திரமான உள் இடத்தில், இருந்த நண்பன் ஹெட்செட்டில் கத்தினான்: "டேய், போய்த் தொலையாத! என் பின்னாடி வந்து மார்க்கெட் கட்டுடா."

கட்டினேன். அன்றிலிருந்து நான் மார்க்கெட் கட்சி: ரிசைன் பண்ணாமல், கையில் இருப்பதைக் கூட்டாளிக்கு அனுப்பும் கட்சி.

ஒண்டிக்கு ஒண்டி ஆட்டத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. தோற்றது தெரிந்ததும் சாட்டில் ஜிஜி ("குட் கேம்") போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். மேப் மூலையில் ஒரு வில்லேஜரை ஒளித்து வைத்து, ஜெயித்தவனை அரை மணி நேரம் தேட விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வெறும் வயிற்றெரிச்சல்.

டீம் கேமில் ரிசைனுக்கும் நியாயம் உண்டு. நாலு பேரும் சரிந்துவிட்டால், நாலு பேரும் ஒன்றாக ஜிஜி போடுவதுதான் மரியாதை. யாருக்கும் நேரம் வீணாகாது, சாப்பிடவும் போகலாம். ஆனால் நான் மட்டும் தனியாகக் கிளம்பினால் அது 3க்கு 4. என் வீடுகளை இடித்துக்கொண்டு நிற்கும் இரண்டு படைகளும் அடுத்த நிமிடமே என் நண்பன் வாசலுக்குப் போகும். பாதி எரிந்த என் ஊர் நிற்கிற வரை அவனுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம்.

அதைவிடப் பெரிய விஷயம் மார்க்கெட். கட்ட 175 மரம் போதும், அதற்கு முன்பே மில் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மார்க்கெட் இருந்தால்தான் கூட்டாளிக்கு எதையும் அனுப்ப முடியும். அதனால் ஊரைக் காப்பாற்ற முடியாது என்று தெரிந்த நொடியில் நான் முதலில் பார்ப்பது 175 மரம் கையில் இருக்கிறதா என்பதை. சுவரைச் சரிசெய்யப் போய் அந்த மரத்தைக் கரைத்துவிட்டு, பிறகு கையைப் பிசைந்த ஆட்டங்கள் எனக்கு நிறைய.

அனுப்பினால் 30 சதவீதம் தரகு போகும். மார்க்கெட்டில் செலவழித்து வாங்கும் காயினேஜ் என்ற மேம்பாட்டை எடுத்தால் 20, அடுத்த மேம்பாடான பேங்கிங்கும் எடுத்தால் ஒன்றுமில்லை. 12 வில்லேஜரோடு ஓடுகிறவன் அதற்கெல்லாம் செலவழிப்பது வீண் என்பது என் கணக்கு. தரகைக் கொடுத்துத் தொலைக்கலாம். ஒரு நைட்டுக்கு, அதாவது குதிரை வீரனுக்கு, 60 ஃபுட், 75 கோல்டு. நண்பனின் ஊருக்குப் பின்னால் இருந்த கோல்டில் 12 பேரையும் இறக்கினேன். தரகு போக, நிமிடத்துக்கு இரண்டு நைட்டுக்கான கோல்டாவது அவனுக்குப் போனது. ஃபுட்டை அவன் பார்த்துக்கொண்டான். எனக்கு சண்டை கிடையாது, கோல்டு சேரச் சேர அனுப்பும் பட்டனை அமுக்குவதுதான் வேலை. எதிரணியில் ஒருவன் சாட்டில் 11 அடித்துச் சிரித்தான் (அந்த எண்ணை அடித்தால் கேமில் சிரிப்புச் சத்தம் வரும்). சிரிக்கட்டும்.

ஜெயித்தோம் என்று எழுத ஆசைதான். தோற்றோம். ஆனால் 22வது நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய ஆட்டம் ஒரு மணி நேரத்தைத் தாண்டியது, நடுவில் ஒரு கட்டத்தில் அவர்கள்தான் சுவர் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இது அராபியா போன்ற தரை மேப்புக்கான கணக்கு. கடல் மேப் நான் அதிகம் ஆடியதில்லை. கப்பல் கட்டும் டாக் எரிந்த பிறகு வில்லேஜரை அடுத்த கரைக்குக் கொண்டுபோவதே பெரும்பாடு, அங்கே ரிசைன் பக்கம் சாய்வேனோ என்னவோ. முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து ஆடும்போதும் என் பொறுமை பாதிதான். கூட்டாளியே சாட்டில் திட்ட ஆரம்பித்தால் நானும் கிளம்பியிருக்கிறேன்.

அப்படிக் கிளம்பினாலும், மார்க்கெட் நிற்கும்போதே கையிருப்பை அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். ஒரு தடவை கோபத்தில் ரிசைன் பட்டனை அமுக்கிவிட்டேன். 600 மரம் என் கணக்கிலேயே செத்தது. இதே நண்பன் ஒரு வீடு கட்ட 25 மரம் இல்லாமல் நின்றுகொண்டிருந்தான். இன்னமும் டீ குடிக்கும்போதெல்லாம் அதைச் சொல்லிக்காட்டுகிறான்.