தாகெமிட்சு இசையமைப்புப் போட்டி: ஒரே நடுவர், முழு ஆர்கெஸ்ட்ரா

முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதியதை மேடையில் கேட்கும் வாய்ப்பு இளம் இசையமைப்பாளர்களுக்கு அரிது. ஜப்பானிய இசையமைப்பாளர் தோரு தாகெமிட்சுவின் பெயரில், டோக்கியோ ஓபரா சிட்டி என்ற கலை வளாகம் 1997 முதல் நடத்தும் இந்தப் போட்டியின் பெரிய கொடை அதுதான். இறுதிச் சுற்றுக்குத் தேறும் படைப்புகள் அங்குள்ள தாகெமிட்சு நினைவு அரங்கில் ஒலிக்கின்றன. வயது வரம்பு 35. மொத்தப் பரிசு 30 லட்சம் யென்.

ஆண்டுக்கு ஒரே நடுவர், அவரும் பெயர்பெற்ற இசையமைப்பாளர். துத்தியூ தொடங்கிவைத்தார், லிகெட்டி, பெரியோ, பின்னாளில் லாகன்மன், சாரியாஹோ என்று நீள்கிறது வரிசை. ஐந்து பேர் கூடினால் யாருக்கும் உறுத்தாத படைப்பே ஜெயிக்கும். ஒருவரே தீர்மானிக்கும்போது துணிச்சலானதும் தப்பிக்கிறது. ஆனால் ரசனை பொருந்தாவிட்டால் நல்ல ஸ்கோரும் (எழுதிய இசைக்குறிப்பும்) வெளியேறிவிடும். அதற்காக நடுவரின் பாணியைப் போலிசெய்வது வீண். அவருக்கு அது பழகிய ஊர், குறை உடனே தெரியும்.

நடுவர் முதலில் பார்ப்பது காகிதத்தில் உள்ள ஸ்கோரை. ஸ்கோரைக் கணினி வாசித்துக் காட்டும் ஒலிப்பை நம்பி எழுதுவதுதான் பெரிய பிழை: அதில் தெளிவாகக் கேட்கும் புல்லாங்குழலின் கீழ்ஸ்தாயி, மேடையில் டிராம்போன்கள் என்ற பித்தளை ஊதுகருவிகள் எழுந்ததும் காணாமல் போகும். தாளக் கலைஞர் மரக்கட்டைகளாலான மரிம்பாவிலிருந்து டாம்டாம் என்ற பெரிய சேகண்டிக்கு நடக்கவும் குச்சி மாற்றவும் நேரம் விட வேண்டும். ஹார்ப்பில் வேகமான ஸ்வர மாற்றங்களைப் பெடல் பெடலாக எண்ணிப் பாருங்கள். தந்திகளின் சுருதியை மாற்றுவது பெடல்கள்தான், ஒவ்வொரு பெடலுக்கும் மூன்றே நிலைகள். ஒவ்வொரு கலைஞருக்குமான வாத்தியத் தாள்களில் பக்கம் திருப்பும் இடத்தில் ஓய்வு இல்லையென்றால் ஒத்திகை நேரம் அங்கேயே கரையும்.

அறை இசை மட்டுமே எழுதுபவர்களுக்கு இது உதவாது. ஆர்கெஸ்ட்ராதான் கனவு என்றால், இதைவிட நேர்மையான வாசல் குறைவு.